லைட் தீஸ்கோ

ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல் வரக் கூடாது. எனக்கு வந்தது. லைட் என்ற சொல்லைத்தான் சொல்கிறேன். ஆங்கிலக்காரன் கொடுத்ததை இந்த ஊர் வாங்கித் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டுவிட்டது. பரீட்சையில் கோட்டை விட்டவனிடம் தெலுங்கில் "லைட் தீஸ்கோ ரா" என்பார்கள். பைக்கில் வந்து இடித்துவிட்டு, நம் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வடியும்போதே, "லைட் லே லோ அங்கிள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஒருவன் போய்விடுவான். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, விட்டுத் தள்ளு. முழங்கால் என்னுடையது, விட்டுத் தள்ளச் சொல்வது அவன். எனக்குக் கோபம் தலைக்கேறும்.

இந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் மகள். ஒரே மகள். இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். என் மனைவி இறந்து வருஷம் திரும்பப்போகிறது. அந்தத் திதிக்கு மகள் வருவாளா, மாட்டாளா என்பதைத் தவிர இந்தச் சில மாதங்களாக எனக்கு வேறு யோசனையே இல்லை. ஆல்வாலில் எங்கள் ஃப்ளாட்டில் அவளுடைய அறையைத் துடைத்து, கட்டிலை வெயிலில் காய வைத்து, ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டியாகிவிட்டது. லைட் ப்ளூ. அம்மாவுக்கும் மகளுக்கும் பிடித்த நிறம்.

நான் சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவன். போலீஸ் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் சிலர் ஆரம்பத்தில் மரியாதை கொடுத்ததுண்டு. நான் பார்த்தது இரும்பு. லேத்திலிருந்து வரும் பாகத்தின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, எஃகுச் சட்டத்தின் விளிம்பை அதன்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் பாகம் தள்ளுபடி. "லைட் வருது" என்று நான் சொன்னால் போதும், எதிரே நிற்கிறவன் முகம் சுண்டிப் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை எனக்கு லைட் என்றால் அதுதான், இருக்கக் கூடாத இடைவெளி. அப்படிப்பட்டவனிடம் வந்து எதையும் லைட்டாக எடுத்துக்கொள் என்றால் எப்படி?

என் மனைவிக்கு அதே சொல் வேறு மாதிரி. அரக்கோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். அவளுக்கு எல்லாமே லைட்டாதான். லைட்டா உப்பு கம்மி, லைட்டா தூறல், லைட்டா தலைவலி. அவள் அப்பா இறந்த செய்தி வந்தபோது அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, லைட்டா ஒரு மாதிரி கீது" என்றாள். அவள் அகராதியில் லைட்டாவுக்கு மேல் படியே கிடையாது. பூகம்பம் வந்தாலும் லைட்டா ஆடுது என்றுதான் சொல்லியிருப்பாள்.

மகள் இங்கே படித்தவள். தமிழில் பேசினால் புரியும். பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும். என்னை டாடி என்பாள். நான் எதற்காவது குதித்தால், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றோ, பால்காரன் ஏமாற்றுகிறான் என்றோ, "ஏம் காது டாடி, லைட் தீஸ்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஏம் காது என்றால் ஒன்றும் ஆகாது. எப்படித் தெரியும் ஒன்றும் ஆகாதென்று? கேட்டால் அதற்கும் லைட் தீஸ்கோ. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வீட்டில் லைட்டுக்கு உண்மையான மரியாதை கொடுத்தவள் என் மனைவி ஒருத்திதான். பொழுது சாயும் நேரத்தில் கூடத்து விளக்கின் சுவிட்சைப் போட்டால், அது எரிந்ததும் எங்கே நின்றாலும் கைகூப்பிக் கண்ணை மூடுவாள். கையில் கரண்டி இருந்தால் கரண்டியோடு கும்பிடுவாள். எங்கள் ஷெட்டிலும் சாயங்காலம் பெரிய விளக்குகள் எரிந்ததும் ஆட்கள் இயந்திரத்தை விட்டுக் கையை எடுத்துக் கும்பிடுவார்கள், அது ஒன்றும் புதிதில்லை. நான் மட்டும் செய்ததில்லை; சுவிட்சைப் போட்டால் எரியத்தானே வேண்டும், எரியாவிட்டால்தானே விஷயம் என்பது என் கட்சி. சின்ன வயதில் மகளை அவள் அம்மா பிடித்து நிறுத்திக் கும்பிட வைப்பாள். கொஞ்சம் வளர்ந்ததும், "ட்யூப்லைட் என்ன தேவுடாவா அம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவாள். பழைய ட்யூப்லைட்டை எடுத்துவிட்டு எல்இடி மாட்டிய அன்று என் மனைவிக்குத்தான் திருப்தி இல்லை. அது இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரியும், இது தட்டினதும் பளிச்சென்று வந்து நிற்கிறது. "கும்புட்றதுக்குக்கூட டைம் குடுக்க மாட்டேங்குதே" என்றாள்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவள், நடுவில், "மார்ல லைட்டா ஒரு மாதிரி கீதுடி" என்றாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "கேஸ் ட்ரபிள் அம்மா. லைட் தீஸ்கோ" என்றாள் மகள். மூவரும் சிரித்தோம். இரண்டு நாள் கழித்துக் காலையில் காபி கலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மகள் வந்தாள், காரியமெல்லாம் முடியும் வரை இருந்தாள், போனாள். அழவே இல்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போதுமா, நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் போய்ச் சில வாரம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. எனக்கு முழங்கால் வலி என்றால் உடனே டாக்டரிடம் நேரம் வாங்கி மெசேஜ் அனுப்புகிறாள். லைட்டா ஜலதோஷம் என்று ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து கேள்விமேல் கேள்வி: காய்ச்சல் இருக்கிறதா, மார்பு வலிக்கிறதா, கை மரத்துப் போகிறதா. அதிலிருந்து நானும் லைட்டா என்பதை விட்டுவிட்டேன். எங்கள் பேச்சு ஒழுங்காக, சுத்தமாக, சீக்கிரமாக முடிந்துவிடும். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, ஓகே டாடி, பை. போனை வைத்த பிறகு வீடு அதற்கு முன்பைவிட அமைதியாக இருக்கும். என்னை எரிச்சல்படுத்திய அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் ஏங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

பொழுது போகாமல் ஒருநாள் போனில் ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்பதும் லைட், கனமில்லாததும் லைட். மறைந்திருந்தது வெளியே வந்தால் லைட்டுக்கு வந்தது என்கிறார்கள். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர்களை லைட் ஸ்லீப்பர் என்கிறார்கள். அது என் மனைவி. கஷ்டம் தீரப்போகிறது என்பதற்குக் குகையின் அந்தக் கோடியில் லைட். ஒரு விஷயத்தை லைட்டாக ஆக்குவது என்றும் ஒன்று இருந்தது. அதற்கு அலட்சியம் செய்வது என்று பொருள் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகள் யாரையும் அலட்சியம் செய்யவில்லை. மூட்டையைக் கொஞ்சம் கீழே வை என்பதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். இதை யாரிடம் போய் வாதாடுவது? போனை மூடி வைத்தேன்.

இந்த நாட்களில் சாயங்காலம் நான் விளக்குப் போடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன். போட்டால் கும்பிட ஆளில்லை. இருட்டிலேயே சோபாவில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் எதிர் ஃப்ளாட்டு அம்மாள் கதவைத் தட்டினார். அவர்கள் வீட்டில் தக்கனிப் பேச்சு, இந்த ஊர் உருது. கரண்ட் போனால் லைட் போச்சு என்பார்கள்.

"லைட் நை க்யா அங்கிள்? ஹமாரே கன் தோ ஹை."

அவர்கள் வீட்டில் இருக்கிறதாம். இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஹவ் ஹவ், லைட் நை" என்று ஆமாம் போட்டேன்.

"டைரோ, இன்கோ பேஜ்தியூம்" என்று வீட்டுக்காரரை அனுப்பப் போய்விட்டார். அவர் டெஸ்டரோடு வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், என் மானம் போகும். ஓடிப் போய் மெயினை இறக்கினேன். அதுவும் போதாதென்று, நம்பும்படியாக இருக்கட்டும் என்று கூடம், சமையலறை, குளியலறை, பால்கனி, மகளின் அறை என்று எல்லாச் சுவிட்சையும் போட்டு வைத்தேன். அந்த மனுஷர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, மெயினைத் தூக்கினார். ஒரே நொடியில் வீடு முழுவதும் கல்யாண வீடாக எரிந்தது. "மெயின் கிரா தா அங்கிள், பஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெயின் விழுந்திருந்ததாம், வேறொன்றுமில்லையாம். அவ்வளவு வெளிச்சத்தில், துடைத்துவைத்த அந்தக் காலி அறையின் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். ஒருத்தி வந்தால் போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. கையில் காபிக் கோப்பை. ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவதுபோல ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். வேலை மாறியதால் இப்போது நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போகப் புதிதாக விசா முத்திரை வேண்டும், அதற்குத் தேதியே கிடைக்கவில்லை, வந்தால் வேலை போய்விடலாம் என்று வக்கீல் சொல்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினாள். கடைசியில், "சாரி டாடி" என்றாள். திரும்பவும், "ஐ ஆம் ரியலி சாரி."

மனசிருந்தால் வர வழியில்லாமலா போய்விடும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் இடைவெளியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தச் சாரி விசாவுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த சாரி அது.

"ஏம் காதும்மா" என்றேன். "லைட் தீஸ்கோ."

என் வாழ்க்கையில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. உச்சரிப்புகூடச் சரியாக வந்திருக்காது. அவள் என்னையே பார்த்தாள். உதடு கோணியது. பிறகு அம்மா போனதற்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"நேனு அம்மக்கு அதே செப்பானு டாடி" என்றாள். நான் அம்மாவுக்கு அதைத்தானே சொன்னேன்.

"தெரியும்மா. நானும் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன். எனக்கும்தான் தோணல. நீ போன வெச்சப்புறம்கூட உங்கம்மா சிரிச்சிகினே இருந்தா. துணி மடிக்கும்போதும் சிரிச்சா. அத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ."

வெளியே ஸ்கூட்டர்கள் வீடு திரும்பும் சத்தம். கூடம் மெதுவாக இருட்டிக்கொண்டு வந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உன் மொகமே தெர்ல. லைட்டப் போடு."

அவள் அம்மா பேசுகிற தமிழ். எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டினேன். தட்டியதும் பளிச்சென்று எரிந்தது. திரும்பிப் பார்த்தால், போன் திரையில் மகள் காபிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தபடி கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரிந்து செய்தாளா என்று தெரியவில்லை. பழைய ட்யூப்லைட்டாக இருந்திருந்தால் எனக்கும் நேரம் கிடைத்திருக்கும். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கைகூப்பினேன்.