உதட்டில் ஒட்டிய டேப்

திண்டிவனம் பிளைவுட் பட்டறையில் என் பள்ளிக்கூட வேனின் தரைக்கு அளவெடுத்துப் பலகை செய்தார்கள். மரத்தாள்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டும் அந்த அம்மாவின் கீழுதட்டில் எப்போதும், நனைத்தால் ஒட்டும் காகித டேப் துண்டு ஒன்று ஈரமாகத் தொங்கும். அதனால் பேச்சு குறைவு.

பசை தடவி, மேல்தாளை மூடப்போன நேரம், சட்டென்று கைகாட்டி நிறுத்தினார். நடுத்தாளில் அவர் ஒட்டிய இணைப்பே விட்டுப்போய், விரல் நுழையும் சந்து.

"பசை காய்ஞ்சிக்கினு இருக்குது, ஜல்தி விடுக்கா," என்று பலகையை அழுத்தும் பிரஸ்காரர் கத்தினார்.

மறுநாள் வேனுக்கு எஃப்.சி. தகுதிச் சோதனை. நானும் சொன்னேன்: "மேல மேட் போட்டுடுவேன்ம்மா. சந்து வெளிய தெரியாது."

டேப்பை உதட்டிலிருந்து எடுத்தார். "மேட்டு மறைக்கும்ங்க. புள்ளைங்கள தாங்குமா?"

பதிலுக்குக் காத்திராமல் அந்தத் தாளை உருவிப் போட்டார்.

பலகையை மறுபடி செய்ததில் எஃப்.சி. தள்ளிப்போனது. இன்றும் பிள்ளைகளை ஏற்றுமுன் அந்த இடத்தை ஒருமுறை மிதித்துப் பார்க்கிறேன். பலகைமேல் எனக்குச் சந்தேகமே இல்லை; மேட் போட்டு மறைக்கப் பார்த்த என்மேல்தான்.