அது நான் விட்டதுதான்

குடல்வால் வெடித்து எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது நான் ஆறாம் வகுப்பு. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும் தண்ணீர் கேட்டேன். காற்றுப் பிரிந்தால்தான் தண்ணீர் என்றார் டாக்டர். குடல் உறங்கிக்கிடக்கிறதாம், அது எழுந்து சத்தம் கொடுக்கவேண்டுமாம். எழாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டி வரலாம் என்று அம்மாவிடம் அவர் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது.

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைக்கு அந்தச் சத்தமே கிடையாது. தப்பித்தவறி வந்துவிட்டால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அதே அம்மா இப்போது காதருகில் குனிந்து, "ஏளா, போச்சா?" என்று கெஞ்சினாள். பெரியப்பாவின் பலசரக்குக் கடையில் சாமான் வாங்க வந்தவர்கள்கூட, "அண்ணாச்சி, பிள்ளைக்குப் போயிட்டா?" என்று விசாரித்தார்களாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊர் கூடித் தேர் இழுக்க என் வயிறுதானா கிடைத்தது? யார் கேட்டாலும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் பெரியப்பா, நர்சுகளுக்கென்று மக்ரூன் பெட்டியோடு வந்தார். அவர் எதிரில் அம்மா இருமக்கூட மாட்டாள். கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். டாக்டரும் வந்தார். வழக்கமான கேள்விக்கு அவர் வாயெடுக்கும் முன்பே அது வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வந்தது.

பெண்பிள்ளை மானத்தைக் காக்கிற பழக்கதோஷமோ என்னவோ, அம்மா தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"மன்னிச்சுக்கிடுங்க. அது நாந்தான்."

டாக்டர் முகம் வாடியது. பெரியப்பா ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களை மும்முரமாகப் பார்த்தார். கைக்கு எட்டிய தண்ணீர் நழுவிப் போகிறதே! தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா பொய் சொல்லுதா. விட்டது நான்."

"ஏளா, சும்மா கெட," என்றார் பெரியப்பா.

"கெடக்க மாட்டேன். நாந்தான் விட்டேன். இன்னும் விடுவேன். தண்ணி தாங்க."

டாக்டர் என் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அம்மாதான் ஸ்பூனைப் பிடித்துப் புகட்டினாள்.

நான் அவளை முறைத்துக்கொண்டே குடித்தேன். இத்தனை பாடுபட்டு என் வயிறு விட்டதை அவள் தனதாக்கப் பார்த்தாளே என்ற கோபம் நெடுநாள் போகவில்லை. பெரியப்பா எதிரில் அம்மா வாய்திறந்து பேசியது அதுதான் முதல்தடவை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.