பதினோரு குளிர்காலக் கடிதங்கள்

மலையாளக் கடலோரத்துக் கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் வெயில் வராது. ஏசி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, கண்ணாடிக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உலகத்தின் பழைய தாள்களைத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. கவிதை எழுதுகிற கைக்கு இது கூலி வேலை என்று சொல்லிக்கொள்வேன். பொய். பிறர் கடிதம் படிக்க எனக்குப் பிடிக்கும்.

சென்ற மழைக்காலத்தில் அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பெட்டி என்றால் ஸ்கேன் செய்த பக்கங்கள்தான். கறுப்பின மக்களை வெள்ளையர் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அவர்களுக்கென்று தொடங்கிய ஒரு கல்லூரியின் கடிதங்கள். அரசு இரண்டு வகைக் கல்லூரிக்கும் பணம் தர வேண்டும். ஒரு வகைக்குத்தான் ஒழுங்காகத் தந்தது. விட்டுப்போனதை இப்போது கேட்கப் போகிறார்கள், அதற்குச் சான்று இந்தக் கடிதங்கள் என்று பெட்டியோடு வந்த வேலைக்குறிப்பின் முதல் தாளில் இருந்தது. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். படித்தும் தவறு செய்தேன்.

கல்லூரி முதல்வர் சட்டமன்றத்துக்கு எழுதுகிறார். முதலில் நன்றி. பிறகு, பெண்கள் விடுதியைச் சூடாக்க ஒரு கொதிகலன் வேண்டும், மாணவிகள் கோட்டோடு உறங்குகிறார்கள். அடுத்த ஆண்டும் அதே நன்றி, அதே கொதிகலன், அதே கோட்டு. வந்த பக்கமே திரும்ப வந்தால் ‘டூப்ளிகேட்’ என்று குறித்துவிட்டு நகர்வது எங்கள் அலுவலக வழக்கம். ஒன்றைத் தட்டச்சு அடித்தேன். பத்தைக் குறித்தேன்.

என் பக்கங்களைச் சரிபார்ப்பவள் போணக்காடு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். மலையடியில் விதுராவில் பள்ளி, பிறகு அரசு விடுதி, அரசு உதவித்தொகையில் பட்டம். தமிழ்தான் பேசுவாள், ‘இல்லையா’ என்பதற்கு மட்டும் மலையாளத்து ‘அல்லே’ வரும். நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“அக்கா, இத டூப்ளிகேட்னு போட்டது நீங்களா?”

“ஆமா. ஒரே லெட்டர்தானே.”

“லெட்டர் ஒண்ணு. வருஷம் வேற அல்லே?”

பார்த்தேன். தேதி மட்டும் ஒவ்வோர் ஆண்டாக நகர்ந்திருந்தது.

“ஹாஸ்டல்ல கிராண்ட் பணம் வரலைன்னு நாங்க மாசாமாசம் அபேட்சைன்னு மனு எழுதிக் கொடுப்போம். புதுசா எழுத என்ன இருக்கு, பழசப் பார்த்தே எழுதுவோம். ஆபீஸ்ல ஒரு சார், இது போன மாசமே வந்த பேப்பர் அல்லேன்னு அடியில தள்ளிருவாரு.” என் திரையில் அந்தக் குறியைத் தொட்டாள். “நீங்க அவருக்குச் சொந்தமாக்கா?”

கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒண்ணும் கொடுக்கலையே, எதுக்கு முதல்ல நன்றி?” என்றேன்.

“கொடுக்காதவங்களுக்குத்தான் கூடுதலா சொல்லணும்.”

மாலைக்குள் பெட்டி திரும்பிப் போக வேண்டும். நான் குறித்தபடி போயிருந்தால், அந்தக் கல்லூரி ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது என்று ஆகியிருக்கும். குறிகளை நீக்கினேன். ஆளுக்குப் பாதியாக அடித்தோம். முதல் கடிதத்தையே நகலெடுத்து ஒட்டத்தான் பார்த்தேன்; அவள் விடவில்லை. பார்த்து அடிக்கும்போதுதான் தெரிந்தது, நான்காவதில் கோட்டோடு காலணியும் சேர்ந்திருக்கிறது. ஏழாவதில் ஒரு மாணவி குளிர் தாங்காமல் ஊருக்கே திரும்பிவிட்டாள்.

“அந்தக் குளிர் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். இந்தக் கடலோரத்தில் எனக்கு ஏசிக் குளிர்தான் தெரியும்.

“எங்க மலையில டிசம்பர்ல தண்ணியத் தொட்டா, நம்ம கை வேற யாரோட கையோ மாதிரி இருக்கும். அதுக்கும் மேல போல.”

கொதிகலன் வந்ததா என்று தேடிக்கொண்டே போனேன். பதினோராவது கடிதத்தில் கையெழுத்து மாறியிருந்தது. புது முதல்வர். முதலில் நன்றி. பிறகு கொதிகலன். அதற்கப்புறம் பெட்டியில் தாள் இல்லை.

“வந்திருக்குமா?”

“எனக்கெப்படித் தெரியும்? பன்னெண்டாவது லெட்டர் இருக்கான்னு கேட்டு எழுதுங்க.”

வேலைக்குறிப்பின் அடியில், பெட்டி அனுப்பியவர்களிடம் நாம் கேட்பதற்கென்று ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்புவதில்லை. எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த வாரம் அதே கேள்வியை, தேதியை மட்டும் மாற்றி, முதலில் நன்றி சொல்லி, மறுபடி எழுதினேன்.