முள்வேலிச் சுண்டை

சுண்டைக்கு வெயில் வேண்டும். ரப்பர் நிழலில் அது தலையெடுக்காது. காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில், ஜாசின் பக்கத்து எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காவல்காரர்கள் தடையில்லாமல் சுடுவதற்காக, வெளிப்புறத்து மரங்களை வெட்டித் தள்ளினார்கள். குருவிகள் கம்பியில் உட்கார்ந்து எச்சமிட்டன. கொஞ்ச நாளில் வேலிக்கு வெளியே ஒரே சுண்டை. அரசாங்கம் எங்களுக்காகச் செய்த ஒரே விவசாயம் அதுதான். அதுவும் தெரியாமல் செய்தது.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நாலு புத்தகம் படித்த மிதப்பு வேறு. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள், தலைச்சன். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று நடத்திய பொதுச் சமையலில் அளந்து போடும் சோறு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடும். சுண்டைக்காய்க் குழம்பு ஊற்றினால் மட்டும் வயிற்றில் தங்கியது. பக்கத்து வீட்டில் ரப்பர்ப் பால் வெட்டும் அக்கா, கம்பி இடுக்கில் தொரட்டியை விட்டுக் கொத்துக் கொத்தாக இழுத்துத் தருவார். நான் முயன்றால் கால்சட்டை மாட்டிக்கொள்ளும்.

"தள்ளிக்குங்க கிராணி. உங்க வீட்டுல கேட்டது காயி, உங்க கால்சட்டை இல்ல."

ஒருநாள் அக்கா இழுத்துக்கொண்டிருக்கையில் வெள்ளைக்கார அதிகாரி வந்து நின்றார். அது என்ன காய், தின்பார்களா என்று என்னைக் கேட்டார். தின்னமாட்டார்கள் என்றால், அக்கா வேலிக்கு அப்பால் யாருக்கோ ஜாடை காட்டியதாக ஆகிவிடும். தின்பார்கள் என்றால், காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கும் அது உணவு. நான் அதற்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று தேடிக்கொண்டிருந்தேன். அக்கா தெரிந்த மலாயில் முந்திக்கொண்டார்.

"சாயூர், துவான். காய்கறிதான், கொழம்புக்கு. புள்ளத்தாச்சிக்கு."

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் லாலான் என்கிற களைப்புல்லைக் கொல்லும் மருந்தை வேலி நெடுக அடித்தார்கள். சாயங்காலத்துக்குள் இலைகள் கருகித் தொங்கின.

"ஜாசின் பாசார்ல கெடைக்கும் தம்பி. வெளிய விட்டா வாங்கியாறேன்" என்றார் அக்கா. அன்றைக்கு நான் கிராணி இல்லை, தம்பி. ஊரடங்கு நீண்டுகொண்டே போனது, யாரையும் விடவில்லை.

பிள்ளை தங்கவில்லை. காரணத்தைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அற்பமானதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் பேர் சுண்டைக்காய். அதைப் போய்க் காரணமென்று எந்த வாயால் சொல்வது?

மழை ஓய்ந்ததும் குருவிகள் திரும்பின. அடுத்த வெயிலில் செடிகளும் வந்தன, முன்னைவிடச் செழிப்பாக. அக்கா ஒரு கொத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அதை நசுக்கி, அலசி, குழம்பு வைத்தாள். எனக்கு மட்டும் ஊற்றினாள்.