வசதியுள்ள சின்னம்மா

பெரம்பலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. இருப்பவர்களை இல்லாதவர்களாக ஆக்கித் தருவதுதான் எங்கள் தொழில் என்று நண்பர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். லாரிகள் மனைவி பேரில், மாமியார் பேரில், கல்யாணமாகிப் போன மகள் பேரில். அவர் பேரில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. போதாக்குறைக்குச் சின்ன வெங்காயத் தோட்டம் வேறு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், மழை பொய்த்த வருஷத்திலும் காகிதத்தில் அவருக்கு வெங்காயம் அமோகமாக விளையும்.

ஒருநாள் ஆபீஸ் டிவியில், பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு வரி போட்டால் அந்தப் பணத்தைக் கொண்டே வறுமையை ஒழித்துவிடலாம் என்று ஒருவர் மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் டீயை உறிஞ்சியபடி, "போடட்டுமே. நம்மகிட்ட என்னா இருக்கு?" என்றார். "வந்தா நமக்கு வேலை கூடும்ங்க" என்றார் எங்கள் ஆடிட்டர். வரி வாங்கும் பக்கம் எத்தனை ஓட்டை என்பது எனக்குத் தெரியும். டிவியில் பேசியவருக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் கொடுக்கும் பக்கமாவது கொஞ்சம் ஒழுங்காக இருக்கும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன். என் சின்னம்மாவின் விஷயத்தில் அந்த நம்பிக்கையும் போயிற்று.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. உடையார்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். சித்தப்பா இறந்தபின் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிறாள். கூரை வீடு. மழைக்காலத்தில் அவளுடைய சட்டி பானை எல்லாம் தரையில்தான் இருக்கும், ஒழுகுகிற இடத்துக்கு ஒன்றாக. அரசாங்கம் கட்டித் தரும் காங்கிரீட் வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். வீட்டைப் பார்க்க அதிகாரி வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவே சாமான் கொடுத்து உதவும். ஒரு வீட்டு நாற்காலி, இன்னொரு வீட்டு மின்விசிறி, யாருடைய மோட்டார் பைக்கோ வாசலில். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. வருகிறவர்கள் வீட்டிலும் அதே கதைதானே. சின்னம்மாவுக்கு அதிகாரி வருவதும் அந்த மாதிரி ஒரு நாளாகத்தான் பட்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி, சின்னம்மாவை 'அக்கா அக்கா' என்று சுற்றி வருகிறவள், தான் புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜையே கொடுத்தாள். சின்னம்மா வீட்டில் ஒரு பல்பைத் தவிர கரண்டே கிடையாது, பிளக் சொருக இடம் இல்லை. அதனால் கலர் சோடா பாட்டிலை எதிர்வீட்டிலேயே குளிர வைத்து, ஃப்ரிட்ஜோடு தூக்கி வந்து உள்ளே வைத்தார்கள். அதிகாரி ஜில்லென்று கலர் குடித்தார். போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சின்னம்மா 'வசதியுள்ளவர்' ஆகிவிட்டாள். வீடு இல்லை என்றார்கள்.

செய்தி கேட்டு எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அரியலூரில் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து மனு கொடுத்தேன். மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். குறித்த நாளில் காலை பஸ்ஸிலேயே போய்விட்டேன். "இந்தத் தடவ கலரும் கிடையாது, சேரும் கிடையாது, எதாவது இருந்தா எல்லாத்தயும் எடுத்து மறைக்கிறோம்" என்றேன். ஒளிப்பதில் எனக்கு அனுபவம் உண்டே. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒளிக்கத் தகுந்த பொருள் ஒன்றுகூட இல்லை. அரிசி டின்னும் துணிக்கொடியும் சித்தப்பா போட்டோவும்தான். இத்தனை வருஷம் வந்து போன வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றி, சின்னம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இந்த முறை வந்தவர் ஓர் இளம்பெண். பழைய போட்டோவைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜ எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

லாரிக்காரரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அது எதிர்வீட்டுது மேடம். இரவல். அவங்களயே கேளுங்க" என்றேன்.

"எல்லா ஊர்லயும் இததான் சொல்றாங்க" என்று அலுத்துக்கொண்டாலும், எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டுக்கு, பெண்களுக்கு வரும் மாசப் பணத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று ஊரில் எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அது நிஜமா பொய்யா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அதிகாரிக்கே தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம். பயம் மட்டும் நிஜம்.

"ஃப்ரிட்ஜா? எங்க வூட்ல ஏதுங்க மேடம்?" என்றாள், தரையைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் வீட்டுப் பின்னறையில் அது பழைய புடவை போர்த்தி நிற்பதைக் காலையில்தான் பார்த்திருந்தேன். புடவையை உருவிக் காட்டிவிடுவது என்று இரண்டடி வைத்தேன். சின்னம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுதுதாங்க மேடம்" என்றாள். "வித்துப்புட்டேன்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தினமும் பொய் கேட்கிற வேலை, என் வேலையைப் போலவே.

அவர் தலை மறைந்ததும் கத்தினேன். "ஒனக்கென்ன பைத்தியமா? அவளே வாய் கூசாம இல்லன்னுட்டா, அவளுக்காக வூட்ட விட்டுட்டியே!"

சின்னம்மா கொட்டை உடைக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு மாசப் பணம் நின்னு போச்சுன்னா காலத்துக்கும் எம்மேலதான் ஆத்தாமப்படுவா. கவருமெண்டு எப்பவோ ஒருக்கா வரும், போவும். எனக்கு சொரம் வந்தா கஞ்சி வச்சுக் கொண்டாரவ அவதாண்டா."

இரண்டு கொட்டைகளை உடைத்துப் போட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை என் கையில் திணித்தாள். "அரியலூர்ல நல்ல தார்ப்பாயா ஒன்னு வாங்கிக் குடுத்துவுடு. மழ வந்துரும்."

என் காசில் வாங்குகிறேன் என்றேன், கேட்கவில்லை.

அரியலூரில் இறங்கி வாங்கினேன். கடைக்காரர் பில்லை நீட்டினார். தார்ப்பாயின் விலைக்குக் கீழே வரி தனியாக அச்சாகியிருந்தது. யார் பேரிலும் மாற்றி எழுத முடியாத வரி. சின்னம்மாவின் பணத்தில் அதை முழுசாகக் கட்டினேன்.