புத்தூரில் பழகிய கம்ப்யூட்டர் லால்குடி வாழைத்தோப்பில் திணறியது

என் பேத்தி நித்யா திருச்சி புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சனிக்கிழமை காலையில் மட்டும் லால்குடி தாண்டி ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போய் கோடிங்கும் ஏ.ஐ.யும் சொல்லிக் கொடுக்கிறாள். அந்த நேரத்தில் கணக்கு நடத்தலாமே என்பது தலைமையாசிரியர் எண்ணம். போன மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நானும் கூடப் போனேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான், எனக்கு என்ன புரியப் போகிறது என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவள் டீச்சராக நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் காலை 7.40க்கு பஸ். நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி லால்குடி பஸ் மாறினோம். டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. லால்குடியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய். அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பேத்திதான் டீச்சர் என்று ஆட்டோக்காரரிடம் அவர் கேட்காமலே சொன்னேன். 9.10க்குப் போய்ச் சேர்ந்தோம்.

புத்தூரில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். இங்கே இருபத்தாறு பிள்ளைகளுக்கு நாலு லேப்டாப். வாழை இலையை ஃபோட்டோ பிடித்தால் நோய் இருக்கிறதா என்று சொல்லும் ஒரு ப்ரோகிராம். புத்தூர் பிள்ளைகள் படம் படமாகக் காட்டிப் பழக்கியது. அங்கே சரியாகவே சொன்னதாம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் போய்ப் பிடித்தால், எந்த இலையைக் காட்டினாலும் நோய் என்றது.

"எங்க தோப்பையே ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லுது டீச்சர்" என்றான் தோப்புக்காரர் மகன். எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் வாட்சைப் பார்த்தார். நித்யாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு கவிதா மட்டும் லேப்டாப்பில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் இலை எல்லாம் மரத்தில் இருந்தபடி எடுத்தவை, பின்னால் மண்ணும் வானமும். நல்ல இலை எல்லாம் மார்க்கெட்டில் வாங்கி டேபிளில் போட்டு எடுத்தவை. எழுந்து போய்ப் புள்ளி விழுந்த இலை ஒன்றைக் கிழித்து வந்து பெஞ்சில் வைத்துப் படம் பிடித்தாள். நல்ல இலை என்றது ப்ரோகிராம்.

"டீச்சர், இது இலையப் பாக்கல, டேபிளப் பாக்குது. அவங்க சாப்பாட்டு இலையத்தான் பாத்திருக்காங்க."

"ஆமா கவிதா, நானும் கவனிக்கல" என்றாள் நித்யா, தலைமையாசிரியர் எதிரிலேயே. கோப்பை வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமை வந்திருக்காது.

இதை எப்படிச் சரிபண்ணுவாய் என்று அவர் கவிதாவைக் கேட்டார். நல்லது, கெட்டது ரெண்டையும் தோப்பிலேயே எடுக்கணும் சார், நிறைய வேணும் என்றாள். தலைமையாசிரியர் தலையாட்டினார். "சரி, அடுத்த சனிக்கிழமை நானும் எங்க கொல்லையில எடுத்துட்டு வரேன். கணக்க சாயங்காலம் வச்சுக்கலாம்."

இப்படி வகுப்பு பார்க்கப் போக நினைப்பவர்கள் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் டோல்கேட்டில் இருங்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்த ஆட்டோக்காரரிடமே 12 மணிக்கு வரச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் திரும்பும் பஸ்ஸிலேயே நித்யா புத்தூர் பிள்ளைகளுக்கு அனுப்பிய செய்தியில் இருக்கிறது. எனக்கும் படித்துக் காட்டினாள்: "நம்ம ப்ரோகிராம் தப்பு. கண்டுபிடிச்சது ஒன்பதாம் வகுப்பு கவிதா. அடுத்த சனிக்கிழமை அவங்க தோப்புல நமக்குக் கிளாஸ். சேறா இருக்கும், பழைய செருப்புப் போட்டுட்டு வாங்க."