எடக்டருக்கும் நல்ல தண்ணீர்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு ரசாயன ஆலையில், நச்சு வாயுவை வெளியே இழுக்க எடக்டர் என்ற கருவியை அமைத்துக் கொடுத்தேன். அதில் மோட்டாரோ விசிறியோ கிடையாது. குறுகிய வாய் வழியாகப் பீறிடும் தண்ணீரே வாயுவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்திலேயே உப்பங்கழி இருக்க, நல்ல தண்ணீரை எதற்கு வீணாக்குவது என்று கழித் தண்ணீரையே இணைத்தேன். மூன்று வருடமாக ஒரு அடைப்பும் இல்லை என்று சென்னையில் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் அளந்தேன்.

அதைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் நரைத்த தாடிக்காரர். சட்டையில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும். உப்பளத்துப் பக்கம் போய்வந்தால் டிரம்மிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு காலைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை.

போன மாதம் இரண்டு விருந்தினர்களை உப்பளம் வழியாக நடத்தி அழைத்துவந்து, எடக்டர் முன்னால் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, அவர் சத்தமில்லாமல் ஒரு வால்வைத் திறந்து இன்னொன்றை மூடினார். என் வரைபடத்தில் அப்படி ஒரு குழாயே இல்லை.

விருந்தினர்கள் போனதும், "என்ன பாய் இது?" என்றேன்.

"நல்ல தண்ணி சார். தெனம் பத்து நிமிஷம் வுடுவேன். இல்லன்னா உப்பு புடிச்சி வாய் அடைச்சிக்கும், கேஸ் உள்ளயே நிக்கும். உப்பளத்துல எறங்கினவன் கால் கழுவாம வூட்டுக்குப் போவானா?"

"மூணு வருஷமாவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா பேசிக்கினு இருந்தீங்க சார்."

பிறகு மக்கை எடுத்தார். "ஷூவ கழட்டுங்க. உப்பு அரிச்சிடும்."

காலை நீட்டிக்கொண்டு நின்றேன். அவருடைய பராமரிப்புப் பட்டியலில் எடக்டருக்கு அடுத்தது நான்தான் போலிருக்கிறது.